மூச்சு, பத்துக்கு எத்தனை?

அலோர் காஜாவில் இறங்க வேண்டியவள் நான். அன்று நிமிர்ந்து பார்த்தபோது பஸ் ஊரைத் தாண்டி தம்பின் சாலையில் போய்க்கொண்டிருந்தது. மணியை அடித்து இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பஸ் வரும்வரை மடியிலிருந்த காகிதங்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மலாக்காவில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஃபிசியோதெரபிஸ்ட்டாக எனக்கு அப்போது நான்காவது வருடம். ஒரு காகிதம் என்னை ஊர் தெரியாமல் அடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஃபோட்டோஸ்டாட் கட்டைக் கொடுத்தவர் எங்கள் நெஞ்சு நோய் டாக்டரம்மா. வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த கையோடு என் மேசையில் போட்டார். "படிச்சிட்டு நாளைக்கு என்கிட்ட சண்டைக்கு வா" என்றார். எனக்குச் சண்டை என்றால் சர்க்கரைப் பொங்கல் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அது பொய் என்று சொல்லமாட்டேன்.

கட்டுரையில் இருந்தது இதுதான். நாலடி நடந்தால் மூச்சு முட்டுகிற, நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நோயைப் பற்றிய பாடம் மட்டும். இன்னொரு கூட்டத்துக்குப் பாடத்தோடு வாரக்கணக்கில் நடைப் பயிற்சி, கால் பயிற்சி. குலுக்கல் எதற்கு? தெம்பானவர்களை எல்லாம் ஒரே பக்கம் சேர்த்துக்கொண்டு, பார், ஜெயித்துவிட்டோம் என்று யாரும் மார்தட்டிவிடக் கூடாதே, அதற்குத்தான். முடிவில் பயிற்சி செய்தவர்கள் கூடுதல் நேரம் நடந்தார்கள், குறைவாகத் திணறினார்கள். அதுவரை கூட நம்பலாம். அடுத்த வரிதான் என்னைத் தம்பின் சாலைக்குக் கொண்டுபோனது. குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்து பார்த்தால் அதில் மாற்றமே இல்லை. நுரையீரல் பழையபடி கெட்டுத்தான் கிடக்கிறது, ஆள் மட்டும் நடக்கிறார்.

ஒரு கட்டுரை என்றால் எங்கேயோ தவறு என்று விட்டுவிடலாம். கட்டில் நாலைந்து இருந்தன. வேறு வேறு ஊர், வேறு வேறு ஆட்கள், எல்லாம் ஒரே பக்கம் கையைக் காட்டின. காரணமும் புரிந்தது. மூச்சு முட்டும் என்று பயந்து உட்காருகிறார்கள். உட்கார உட்காரக் கால் சதை வற்றுகிறது. வற்றிய கால் அடுத்த தடவை எழும்போது இன்னும் அதிகமாகக் காற்றைக் கேட்கிறது. மூச்சு இன்னும் முட்டுகிறது, மறுபடி உட்காருகிறார்கள். நுரையீரலை மாற்ற முடியாது, காலை மாற்றலாம். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல் நாங்கள் முதுகைத் தட்டிச் சளியை எடுத்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம்தான் முதலில் கொட்டினேன். அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்து டிரெஸராக இருந்தவர். டாக்டர் வராத தோட்ட ஆஸ்பத்திரியில் ஊசியும் அவர்தான், கட்டும் அவர்தான், அவசரப் பிரசவமும் அவர்தான். ஓய்வு பெற்று அலோர் காஜா டவுனுக்கு வந்த பிறகும் தோட்டத்து ஜனங்கள் அவரைக் கேட்காமல் ஒரு மாத்திரை விழுங்கமாட்டார்கள்.

"அப்பா, இளைப்பு இருக்கிறவங்கள நடக்க வைக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"ஆராய்ச்சி சொல்லுது."

"அந்த ஆராய்ச்சிக்கு இளைப்பு வந்திருக்கா?" என்றார் அப்பா, பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இளைப்புக்கு மருந்து அந்த வார்த்தையிலயே இருக்கு. இளைப்பாறு. தமிழன் அப்பவே கண்டுபிடிச்சிட்டான். நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம்லா."

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் தோட்டத்தில் முப்பது வருடம் ஜெயித்திருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் சாமி போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் சொல்லிலேயே மருந்து இருக்கும்போது காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். சண்டை எதுவும் நடக்கவில்லை, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றோம். "நம்ம குலுக்கல் போட வேணாம். அங்க காட்டியாச்சு. இங்க வர்றவங்க எல்லாருக்கும் குடுப்போம்" என்றார். "ஆனா வாராவாரம் எழுதி வெப்போம். நம்ம எழுத்து என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படணும். ஓகேயா?" ஓகே என்று பெரிதாகத் தலையாட்டினேன்.

எழுத வேண்டியது இரண்டே விஷயம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது ஒன்று. நடந்து முடித்ததும் மூச்சுத் திணறல் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவர்களே சொல்லும் எண் இன்னொன்று. பூஜ்யம் என்றால் திணறலே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் தாங்காது. மலாய்த் தாளை வார்டு நர்ஸ் எழுதினார். தமிழ்த் தாளை நான் எழுதினேன். டாக்டரம்மா தமிழ் நன்றாகப் பேசுவார், டவுன் கான்வென்ட்டில் படித்தவர் என்பதால் எழுத்து தெரியாது. ஆகவே என் தாளைச் சரிபார்க்க ஆள் இல்லை. முத்து முத்தான கையெழுத்து என்று நானே என்னை மெச்சிக்கொண்டு ஃபோட்டோஸ்டாட் எடுத்தேன்.

பத்துப் பேர் சேர்ந்தார்கள். நாலு மலாய்க்காரர், மூன்று சீனர், மூன்று தமிழர். அந்தத் தமிழர்களில் ஒருவர்தான் நான் சொல்ல வந்த அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அப்பா டிரெஸராக இருந்த அதே தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் பதினைந்து வயதிலிருந்து வேலை செய்தவர். பீடியோ சுருட்டோ தொட்டதில்லை. ஆனால் இருபது வருடப் புகை நெஞ்சுக்குள் போயிருந்தது.

அக்கா வந்த விதமே ஒரு காட்சி. முன்னால் அவர் புருஷன், தோட்டத்து லோரி டிரைவர், கக்கத்தில் ஒரு தலையணையோடு. பின்னால் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் தள்ள, அக்கா தள்ளுவண்டி நாற்காலியில். அக்காவின் புருஷன் என்பதால் அவர் எனக்கு அண்ணன். அண்ணன் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, தலையணையை முதுகுக்கு வைத்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஸி, இவங்களால எதுவும் முடியாது. தண்ணி மோந்து குடிக்கக்கூட நான் விடறதில்ல. ராணி மாதிரி வெச்சிருக்கேன்."

நர்ஸாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் யாராயிருந்தாலும் எங்கள் ஜனங்களுக்கு மிஸ்ஸிதான். அதைத் திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ராணி என்றதுதான் எரிச்சலாக இருந்தது. ராணியின் கால்களைப் பார்த்தேன், வேப்பங்குச்சி மாதிரி இருந்தன.

"எதுக்கு வந்தீங்கக்கா? என்ன வேணும் உங்களுக்கு?" என்று அவரையே கேட்டேன்.

அக்கா ஒரு மூச்சுக்கு மூன்று சொல்லாகச் சொன்னார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். இருந்தவர்களுக்கு டவுன் பக்கம் மலிவு விலை ஃபிளாட் கொடுக்கிறார்கள். எந்த வீடு யாருக்கு என்று ஆபீஸில் குலுக்கல் போட்டார்கள். இவர்களுக்கு நாலாவது மாடி விழுந்தது. லிஃப்ட் கிடையாது. இரண்டு மகள்களுக்கும் தொழிற்சாலை பஸ் அந்த ஃபிளாட் வாசலுக்குத்தான் வரும், வீட்டை விடவும் முடியாது.

"அதான் மிஸ்ஸி, இவங்கள செர்காம்ல இவங்க தம்பி வீட்ல விடலாம்னு" என்றார் அண்ணன். "தரையோட இருக்கிற வீடு. கடல் காத்து. நான் வாராவாரம் போயி பாத்துக்குவேன்."

"நான் செர்காம் போகமாட்டேன்" என்றார் அக்கா. அதைச் சொல்ல மட்டும் அவருக்கு மூச்சு முட்டவில்லை. "எம்புள்ளைங்க இருக்கிற வீட்ல இருக்கணும். அந்த மாடி ஏறணும் மிஸ்ஸி. அவ்வளவுதான்."

சாவி கொடுக்க இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எங்கள் பயிற்சி எட்டு வாரம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காகிதத்தில் படித்ததெல்லாம் எங்கோ இருக்கிற யாரோ. இதோ என் எதிரே ஓர் ஆள், ஏற வேண்டிய படி இத்தனை என்று எண்ணிவிடலாம். அக்காவை எழுப்பி நிறுத்தப் போனேன். அக்கா எழவில்லை.

"டிரெஸர் ஐயா உட்காரச் சொன்னாரு. பல வருஷமா உட்கார்ந்திருக்கேன்."

"அந்த டிரெஸர் ஐயா மகதான்கா நான்."

"தெரியும் மிஸ்ஸி. ஆனா நீங்க டிரெஸர் ஐயா இல்லியே."

சுருக்கென்றுதான் இருந்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகச் சண்டை போடாமல் கேட்டேன். செர்காம் கதையைச் சொன்னேன். அப்பா அந்தக் குடும்பத்தை அறிவார், மூத்த மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்தவரே அவர்தான். அடுத்த வகுப்புக்கு என்னோடு பஸ் ஏறினார். அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "எட்டு வாரம். நடுவுல இளைப்பு கூடுச்சுன்னா நிறுத்திடணும். உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்று என்னைப் பார்த்தார். அவர் அனுமதித்தார் என்று அக்கா எடுத்துக்கொண்டார். அவர் எச்சரித்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஆறு நிமிடத்தில் அக்கா ஃபிசியோ வாசலிலிருந்து மருந்துக் கவுன்ட்டர் வரைக்கும் போய், அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஐந்தாறு தூண் தூரம். அவருக்குப் பின்னாலேயே அண்ணன் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கா நின்ற மறுகணம் ஸ்டூல் அடியில் வந்துவிடும். இரண்டாம் வாரம் அந்த ஸ்டூலைப் பிடுங்கி என் மேசைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"அண்ணே, நீங்க பாசத்தாலயே ஆளை முடிச்சிருவீங்க. போய் கேன்டீன்ல தே தாரிக் குடிங்க."

"மூச்சு முட்டுதே மிஸ்ஸி."

"முட்டட்டும். முட்டிட்டு அடங்கும். அது அடங்கும்னு அவங்களுக்கே தெரியணும்."

அந்த வகுப்பைப் போல் சந்தோஷமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை. பத்துப் பேரும் காலையில் வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட ஆட்களை நிறுத்துவதைப் பெரட்டு என்போம். "மிஸ்ஸி பெரட்டுக்குக் கூப்பிடறாங்க" என்று தமிழர்கள் மூவரும் சிரிப்பார்கள். சூடான தேத்தண்ணியை ஊதுவது போல் உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி இறங்கச் சொன்னேன். முதலில் மூன்று தடவை, பிறகு ஐந்து, பிறகு பத்து. உம்பாயிலிருந்து வந்த மலாய்க்கார மீனவர் அக்காவோடு போட்டி போடுவார். அக்கா தோற்பதில்லை. நாலாவது வாரம் தள்ளுவண்டி நாற்காலி வரவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். நான் வராந்தாவிலேயே கைதட்டினேன், வார்டிலிருந்து யாரோ சத்தம் போடாதே என்று அதட்டினார்கள்.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா தாள்களை எல்லாம் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"நடை எல்லாருக்கும் கூடியிருக்கு. மலாய்க்காரங்க, சீனங்க, எல்லாருக்கும் திணறல் நம்பர் கொறைஞ்சிருக்கு. உன்னோட மூணு பேருக்கு மட்டும் வாராவாரம் ஏறிக்கிட்டே போகுது. இந்தம்மாவைப் பாரு. மொத வாரம் ரெண்டு. இப்ப ஏழு."

பார்த்தேன். என் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றையும் நான்தான் எழுதியிருந்தேன். தூரம் கூடுகிற மகிழ்ச்சியில் பக்கத்துக் கட்டத்தை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அவங்க சிரிச்சிக்கிட்டு இருக்காங்க டாக்டர். ஏழுல இருக்கிறவங்க எப்படிச் சிரிப்பாங்க?"

"வெளிநாட்டுப் பேப்பரை நம்புனோம். இப்ப நம்ம பேப்பர் வேற சொல்லுது. புடிக்கலேன்னா கிழிச்சுப் போட்டுடலாமா? காரணம் தெரியாம இவங்கள நான் ஓட விடமாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி. அவங்க மூணு பேரையும் நிறுத்திடு."

வீட்டில் அப்பாவிடம் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம், எனக்கு அந்தப் புத்தி கிடையாது. அவர் சிரிக்கவில்லை, நான் அப்போதே சொன்னேன் என்றும் சொல்லவில்லை. "வெள்ளைக்காரன் மூச்சு வேற, நம்ம மூச்சு வேறயோ என்னவோ. நிறுத்திடும்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். உடம்புக்கு இனம் உண்டா என்ன? ஆனால் தாள் இருக்கிறதே, என் கையெழுத்து இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை. அக்கா அன்று வராந்தாவை முழுசாக நாலு சுற்று நடந்தார். முடித்துவிட்டு, தூணில் சாய்ந்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நிறுத்தப்போகிறேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வழக்கம்போல் கேள்வியைக் கேட்டேன்.

"ஏழு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஏழா? இப்படிச் சிரிச்சிக்கிட்டு ஏழா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா, ஏழா?"

அக்கா பயந்துபோனார். "கம்மியா மிஸ்ஸி? கோவிச்சுக்காதீங்க. சரி, எட்டு வெச்சுக்கோங்க."

எழுதப்போன பேனா நின்றது. கேன்டீனிலிருந்து திரும்பி வந்த அண்ணன் இடையில் புகுந்தார். "மிஸ்ஸி, எட்டெல்லாம் ரொம்ப ஜாஸ்திலா. மனசாட்சியோட போடணும். என்னைக் கேளுங்க, நான் லோரியில மூட்டை ஏத்தறவன், எனக்குப் பத்துக்குப் பத்து. இவங்களுக்கு ஏழே பெரிசு. மொத நாளு பெயிலு, ரெண்டு மார்க்கு."

என் தாளைப் பார்த்தேன். மேலே நான் எழுதியிருந்த கேள்வி இது: மூச்சு: பத்துக்கு எத்தனை?

திணறல் என்ற சொல்லையே காணோம். கட்டம் சின்னது, சொல் நீளம் என்று விட்டுவிட்டிருந்தேன். எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்திருப்பேன். தமிழ்ப்பள்ளியில் ஒரு வருடம் படித்தவர்களுக்குக்கூடப் பத்துக்கு எத்தனை என்றால் மார்க்குதான். பூஜ்யம் என்றால் முட்டை, பத்து என்றால் சபாஷ். அவர்கள் ஐந்து வாரமாக நேர்மையாகத் தங்கள் மூச்சுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அதை நோய் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தமிழர் நுரையீரலே கோணல் என்று சொல்ல இருந்தேன்.

அண்ணனைக் கட்டிப்பிடிக்காத குறைதான். மற்ற இரண்டு தமிழர்களையும் ஓடிப்போய்க் கேட்டேன். ஒருவர், "ஆறு மார்க் போட்டேன், மிஸ்ஸி கஷ்டப்பட்டுச் சொல்லிக்குடுக்கறீங்க, ஏழா போட்டுக்கோங்க" என்றார். தாளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, மார்க் கூட்டிப் போட்டது வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தலைகீழ் டாக்டர். எல்லாம் தலைகீழ். ஏழுன்னா மூணு. ரெண்டுன்னா எட்டு. பத்துல கழிச்சா சரியாயிடும்."

டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழிக்கக் கூடாது" என்றார்.

"ஏன்?"

"உன்னைச் சந்தோஷப்படுத்த ஒரு மார்க் கூடப் போட்டிருக்காங்க இல்ல? அதை எப்படிக் கழிப்ப? கேள்வி தப்புன்னா பதில் எல்லாம் தப்பு. பழைய நம்பரை அடிச்சிடு. கேள்வியை ஒழுங்கா எழுதி இன்னையிலேர்ந்து கேளு. தூரம் நீ அளந்தது, அது நிக்கும். அதை வெச்சு அவங்க மூணு பேரும் தொடரலாம்."

ஐந்து வாரத்து எண்களை என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். அன்றைக்குத்தான் அந்த வெளிநாட்டுக் கட்டுரைக்காரர்கள் ஏன் அவ்வளவு பக்கம் எழுதுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்க அத்தனை பாடு. புதுத் தாளில், "நடந்ததும் மூச்சுத் திணறல் எவ்வளவு? ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து" என்று எழுதினேன். இந்தத் தடவை அண்ணனிடம் படிக்கக் கொடுத்து, அவர் தனக்குப் பூஜ்யம் என்று சொன்ன பிறகுதான் ஃபோட்டோஸ்டாட் எடுத்தேன். அன்று அக்கா ஐந்து என்றார். எட்டாவது வாரம் மூன்று என்றார், அதுவும் முன்னைவிட அதிக தூரம் நடந்து.

அப்பாவிடம் இரண்டு தாளையும் காட்டினேன். ஃபோட்டோஸ்டாட் கட்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். "எத்தனை பேரை உட்கார வெச்சிட்டேன்" என்றார். "அன்னைக்கு யாருக்குமே தெரியாதுப்பா" என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவரோடு போட்ட எந்தச் சண்டையிலும் எனக்கு ஜெயிக்க ஆசைதான், அன்றைக்கு மட்டும் ஆசையாக இல்லை.

சாவி கொடுத்த மறுநாள் அக்கா என்னை ஃபிளாட்டுக்கு வரச் சொன்னார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. அண்ணன் சாமான்களை எல்லாம் முந்தின நாளே லோரியில் கொண்டுவந்து ஏற்றியிருந்தார். மகள்கள் மேலே அடுப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கைப்பிடியைப் பிடித்தார். ஒரு படிக்கு மூச்சை விடு, நின்று இழு, அடுத்த படிக்கு விடு. முதல் மாடியில் நின்றார். இரண்டாவது மாடியில் வெகுநேரம் நின்றார். உதடு நிறம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன். மாறவில்லை. மூன்றாவது மாடியில் அண்ணன், "போதும், தூக்கிடறேன்" என்று கையை நீட்டினார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். கடைசிப் படியில் மகள்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள், யாரும் தொடவில்லை. அக்கா தானாகவே ஏறி வாசலில் கால் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூத்த மகள் அழுதாள், நானும் அழுதேன்.

மூச்சு அடங்கியதும் அக்கா என்னிடம் கேட்டார். "நுரையீரல் சரியாயிடுச்சா மிஸ்ஸி?"

அந்த நேரத்தில் பொய் சொல்ல யாருக்கும் ஆசை வரும். "இல்லக்கா. போன வாரம் ஊதினீங்களே, அது அப்படியேதான் இருக்கு. இனிமேயும் மாறாது. நடக்கறத நிறுத்தினா மறுபடி முட்டும்."

"சரி. அது அங்கயே கிடக்கட்டும்" என்றார். பிறகு எழுந்து, ஓர் அறையைப் பார்த்தார், இன்னோர் அறையைப் பார்த்தார், சமையலறையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து அண்ணனைக் கேட்டார்.

"என் துணிப் பெட்டி எங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தார். மகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று விடியற்காலையிலேயே அதை அவர் செர்காமுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தார். புடவை, மருந்து, பல் துலக்கும் பிரஷ் வரைக்கும். அந்த வீட்டில் அக்காவுக்கென்று ஒரு சாமான் இல்லை.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சின்ன மகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

அண்ணன் படியிறங்கிப் போனார். நான் பின்னாலேயே போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்று, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"நான் நம்பல மிஸ்ஸி" என்றார். "எட்டு வாரமும் கூடவே வந்தேன். ஒரு நாளும் நம்பல."

"நம்ப வேணாம்ணே" என்றேன். "லோரிய எடுங்க."